பட்டியில் நின்ற ஆடும் துண்டுக்குள் வந்த பேரமும்

எனக்கு எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் என் கையெழுத்து மட்டும்தான், அதுவும் ரேஷன் கடையில். மறதியும் உண்டு. போன வாரம் கண்ணாடியைத் தேடி வீட்டையே கவிழ்த்துப் போட்டேன். கடைசியில் அது செல்வி மூக்கில் இருந்தது. முன்னே வரவேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

புதிதாக வீடியோ போட வருகிற பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் கொண்டுவருகிறோம், நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எந்த போன் வாங்கலாம், எத்தனை மணிக்குப் போட்டால் ஆள் பார்ப்பார்கள் என்பதெல்லாம் செல்வியைக் கேளுங்கள். அவள் என் ஓரவத்தி, என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. பத்தாவது படித்தவள். போன் பிடித்தது, வெட்டி ஒட்டியது எல்லாம் அவள். நான் ஆட்டு வாயைத் திறந்ததோடு சரி.

ஏழு வருஷம் ஆட்டுச்சந்தை வீடியோ போட்டோம். என் வீட்டுக்காரர் ஆட்டு வியாபாரி. அவர் போனபிறகு அந்த வேலையை நான் எடுத்துச் செய்தேன். ஆடு வாங்க வருகிறவர்கள் ஏமாறாமல் இருக்க வயசு தெரிய வாயைத் திறந்து எது ரெண்டு பல்லு, எது நாலு பல்லு, எது வயிற்றில் தண்ணீர் ஏற்றி ஊதவைத்த ஆடு என்று காட்டுவோம். என் முகம் ஒரு வீடியோவிலும் வராது. அந்நிய ஆள் எதிரே நின்றாலே எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். ஆட்டைப் பார்த்தால் மட்டும் பேச்சு நிற்காது. அதனால் கையும் குரலும் மட்டும்தான் வெளியே தெரியும். “வாயத் தொற ராசா” என்று ஆட்டைக் கெஞ்சுவேன். ஜனங்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் நான் பண்ணின முதல் தப்பைச் சொல்கிறேன். பின்னால் வரப்போகும் கதைக்கு அது வேண்டும்.

சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரலைப் பிடித்து விலையைச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எங்களுடைய மூன்றாவது வீடியோவோ நாலாவதோ, அந்தத் துண்டின் ஓரத்தை நான் தூக்கிவிட்டேன். செல்வி உள்ளே போனை நீட்டிவிட்டாள். விரல்கள் பளிச்சென்று விழுந்துவிட்டன.

அது ஒரு தரகருடைய துண்டு. என் வீட்டுக்காரரோடு ஒன்றாகச் சந்தை சந்தையாகப் போனவர். மறுவாரம் எங்களைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தார்.

“இன்னா அண்ணி, ஆட்ட காட்றேன்னு சொல்லிட்டு என் பொழப்ப காட்டிக்கினு இருக்கீங்க?”

“எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்னுதான்...” என்றேன்.

“இன்னாத்த தெரிஞ்சிக்கிறது? ஆடு அந்தாளுது, துட்டு இந்தாளுது. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உங்களுக்கு இன்னா வேல? நாளைக்கு உங்க வூட்டு சட்டிய தொறந்து நான் வீடியோ போட்டா சும்மா இருப்பீங்களா?”

“எங்கூட்டு சட்டியில ஒன்னும் இருக்காதுங்க, தாராளமா போடுங்க” என்றாள் செல்வி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்த வீடியோவை எடுக்கவைத்துவிட்டுத்தான் போனார். எடுத்தது சரிதான். நமக்குத் தெரிந்துவிட்டது என்பதாலேயே ஒன்றைக் காட்டிவிடக் கூடாது. அவர் பேரை எழுதலாமா என்று கேட்டேன். “துண்ட தூக்கினது போதும், பேர வேற தூக்காதீங்க” என்றார். அதனால் தரகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பெரிய தப்பு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மலையிலிருந்து பொன்னம்மா போன் பண்ணினாள். சந்தையில் எனக்குப் பழக்கமானவள். பதினோரு ஆடு வைத்திருந்தாள். ஆட்டுக்கொல்லி நோய் வந்து பக்கத்து ஊரில் ஆடுகள் செத்துக்கொண்டிருக்கின்றன, போட்டுவிட்டதாக எழுதி வைத்திருக்கிறார்களாம், ஆனால் எங்களுக்குத் தடுப்பூசி போட யாருமே வரவில்லை என்று அழுதாள். நானும் செல்வியும் வெள்ளிமலைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஜீப்பில் அவள் ஊருக்குப் போய்ச் சேரும்போது நடுப்பகல். அந்த முறை ஊசி போட்ட ஆட்டுக்கெல்லாம் காதில் மஞ்சள் வில்லை குத்தியிருப்பார்கள். நான் கீழ்த்தெருவிலும் மேல்தெருவிலும் பட்டி பட்டியாகப் போய்க் காதைப் பார்த்தேன். எந்தக் காதிலும் வில்லை இல்லை.

“இந்த ஊருல ஒரே ஒரு ஆட்டுக்குக்கூட ஊசி போடல. எல்லாருக்கும் போட்டுட்டதா எழுதி வெச்சிக்கினு இருக்காங்க” என்று கொதித்துப் பேசினேன். பொன்னம்மா நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. வீடியோ எங்கேயோ போய்விட்டது. அதுவரைக்கும் எங்களுக்கு அத்தனை பேர் பார்த்ததே இல்லை. செல்வி எண்ணிக்கையைப் படித்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் தலை கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, மறைக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கால்நடை ஆபீசிலிருந்து புகார் வந்தது. தடுப்பூசிக்கு எதிராக வதந்தி பரப்பி ஜனங்களைக் குழப்புகிறார்கள் என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த வாரம், நாங்கள் வீடியோ போடுகிற கம்பெனியிலிருந்து செல்வி போனுக்கு ஒரு செய்தி வந்தது. அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த கோரிக்கையை முன்னிட்டு உங்கள் சேனலுக்கு விளம்பர வருமானம் நிறுத்தப்படுகிறது, அவ்வளவுதான். அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும் இல்லை, அதுவரைக்கும் திறந்த அத்தனை ஆட்டு வாய்க்கும் சேர்த்து.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான், வழக்கில் சிக்கின சேனல்களுக்கு வருமானத்தை நிறுத்தச் சொல்லி அரசாங்கம் கம்பெனிகளை நெருக்குகிறது என்று செய்தி வந்தது. யாரோ ஒருவன் ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமாகப் பொய் சொல்லி வீடியோ போட்டிருந்தான். அவனுக்கு நிறுத்தினார்கள். “நல்லா வேணும்” என்று செல்வி அந்தச் செய்திக்கு இதயம் போட்டாள். நானும் தலை ஆட்டினேன். அவனுக்கு நிறுத்தினது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் வழக்கு முடிவதற்கு முன்னாலேயே நிறுத்துகிறார்களே, அந்த இடத்தில் நாளைக்கு நாமும் நிற்கலாமே என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். புகாரில் செல்வி பேர் இருந்தது. என்னை ‘அடையாளம் தெரியாத பெண்மணி’ என்று எழுதியிருந்தார்கள். எழுத்தராக இருந்த போலீஸ்காரர் நிமிரவே இல்லை.

“அந்தப் பொம்பள யாரு? கைய மட்டும் வெச்சிக்கினு நான் எங்க போய்த் தேடறது?”

நான் மெதுவாக ரெண்டு கையையும் மேஜைமேல் வைத்தேன். “நான்தாங்க” என்றேன்.

குரலைக் கேட்டதும் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

“ஆயா! வாயத் தொற ராசா... நீங்கதானா அது? எங்கூட்ல எல்லாம் உங்க வீடியோதான் பாப்பாங்க. ரெண்டு பல்லுன்னு சொன்னத நம்பி ஒரு கெடா வாங்கனேன் ஆயா. மூனு மாசமா தின்னுது, சத புடிக்கவே இல்ல.”

“முன்பல்லு தேஞ்சி எடவெளி உட்டிருக்குதாங்க?”

“ஆமாம்.”

“அது கெழட்டு ஆடுங்க. உங்கள ஏமாத்திட்டாங்க.”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது. டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் டீ குடித்து முடிந்ததும் அதே போலீஸ்காரர் ஒரு படத்தை எங்கள் முன்னால் வைத்தார். பொன்னம்மா ஊர்க் கோயில் மரம் தெரிந்தது. அதன் கீழே ஆடுகள். காதிலெல்லாம் மஞ்சள் வில்லை.

“இதுக்கு இன்னா சொல்றீங்க ஆயா?”

படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோயில் கீழ்த்தெருவில் இருப்பது.

வெளியே வந்து பொன்னம்மாவுக்கு போன் போட்டேன். “கீழ்த்தெருவுக்குப் போட்டாங்களாமே?”

“போட்டாங்கதான். எங்க தெருவுக்குத்தான் போடல.”

“அன்னிக்கே சொல்லக் கூடாதா?”

“எங்க சொல்றது? நீங்க பேசிக்கினே போனீங்க. நடுவுல நான் எங்கருந்து பூந்து பேசறது?”

நடுப்பகலில் பட்டியில் என்ன நிற்கும்? பெரிய ஆடெல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருக்கும். குட்டியும் நிறைசினை ஆடும்தான் இருக்கும். அது ரெண்டுக்கும் இந்த ஊசியே போட மாட்டார்கள். அப்புறம் காதில் வில்லை எப்படி இருக்கும்? ஆட்டோடு பிறந்து ஆட்டோடு வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். கோபம் வந்ததும் தெரிந்தது எல்லாம் போய்விட்டது. நகரத்துப் பிள்ளை யாராவது பண்ணியிருந்தால் நானே கேலி செய்திருப்பேன்.

அடுத்த நாள் அந்தக் கால்நடை ஆபீசிலிருந்து ஒருவர் போனில் பேசினார். தன் பேரைச் சொல்லவில்லை. குரல் ரொம்ப மரியாதை.

“ஒன்னும் பெரிய விஷயம் இல்லீங்கம்மா. அந்த வீடியோவ எடுத்துடுங்க. எல்லா ஆட்டுக்கும் ஊசி போட்டாச்சி, ஜாஸ்தி பேரு பாக்கணும்னு நான்தான் பொய் சொன்னேன்னு மொகத்த காட்டி ஒரு வீடியோ போடுங்க. நாங்க கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதிடறோம். தொறந்துடுவாங்க.”

“எல்லா ஆட்டுக்கும் போடலீங்களே. மேல்தெரு?”

“அது நாங்க பாத்துக்கறோம்மா.”

“நீங்க சொன்னத ஒரு தாள்ல எழுதிக் குடுப்பீங்களா?”

“இதெல்லாம் எழுதறதாம்மா? நமக்குள்ள இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள பண்ணிடுங்க.”

அன்றைக்குச் செவ்வாய். வீடியோ காசு வந்ததால் செல்வி கரும்பு வெட்டுக்குப் போவதை விட்டு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. முதுகு வலியும் போயிருந்தது. திரும்பப் போகணும் என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

“பொய் சொல்ல வேணாங்க்கா. பேசாம வீடியோவ மட்டும் எடுத்துடலாம். தப்பான வீடியோதான அது?” என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மழை தொடங்க இன்னும் கொஞ்சநாள்தான். அதற்கப்புறம் நோய் வேகமாகப் பரவும். நாங்கள் வாயை மூடிக்கொண்டால் மேல்தெருவுக்கு யாரும் ஏறப்போவதில்லை. பொன்னம்மாவின் பதினோரு ஆடும் அந்த ஒரு வீடியோவில்தான் கட்டியிருந்தது. அதிலோ பாதி பொய்.

புதன்கிழமை சந்தையில் தரகரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த ஆளு போன்ல உங்களுக்கு துண்டு போட்ருக்காரு அண்ணி.”

“ஆமாங்க.”

“ஆடு யாருது? உங்களுதா?”

“இல்ல.”

“அவருதா?”

“இல்ல.”

“அப்ப ஆட்டுக்காரி இல்லாம நீங்க ரெண்டு பேரும் எந்த ஆட்டுக்கு வெல பேசிக்கினு இருக்கீங்க?”

அவ்வளவுதான் சொன்னார். ஒரு கிராக்கி வந்துவிட்டான், துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை வெள்ளிமலையில் என் தூரத்துச் சொந்தக்காரி வீட்டில் தங்கினோம். வெள்ளிக்கிழமை விடியும்போது பொன்னம்மா ஊரில் இருந்தோம். ஆடு எதுவும் இன்னும் மேய்ச்சலுக்குக் கிளம்பவில்லை. அங்கே இன்னொருவரும் இருந்தார், கீழ்த்தெருவில் ஊசி போட்டவர். பொன்னம்மா சொல்லி அனுப்பி வந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். கூச்சம் பிடித்த ரெண்டு பேர் எதிரெதிரே நின்றால் பேச்சு எங்கே வரும்? செல்விதான் தொடங்கிவைத்தாள்.

“ஜீப்பு வரலீங்க. ஐஸ் பெட்டிய தோள்ல தூக்கிக்கினு ஏறி வந்தேன்” என்றார் அவர். “கீழ்த்தெரு முடியறதுக்குள்ள ஐஸ் கரைஞ்சி போச்சி. சூடு ஏறன மருந்த போடக் கூடாதுங்க. பாக்கி தெருவுக்குப் போடலன்னு எழுதித்தான் குடுத்தேன். அந்தக் கணக்கு மேலதிகாரிங்ககிட்ட போனதுக்கப்புறம் முழுசா போட்டதா ஆயிடுச்சி. உங்க வீடியோவ பாத்துட்டு எங்கூட்ல ரெண்டு நாளு என்கூட யாரும் பேசல.”

எனக்கு அந்த மண்ணிலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. மலை ஏறி ஐஸ் பெட்டி சுமந்தவரைத்தான் நான் ஊர் முன்னால் திட்டியிருக்கிறேன்.

“என் மொகம் மட்டும் வேணாங்க. வேல போயிடும்” என்றார்.

“அது எங்களுக்குப் பழக்கந்தாங்க” என்றாள் செல்வி.

அவர் கையை மட்டும் எடுத்தோம். என் முகத்தை எடுக்கச் சொன்னேன். செல்வி நம்பவில்லை. “நெஜமாவாக்கா?” என்று மூன்று தடவை கேட்டாள். திட்டும்போது ஒளிந்துகொண்டு திட்டினேன், மன்னிப்பையும் ஒளிந்துகொண்டு கேட்டால் நன்றாக இருக்காது என்று பட்டது. கீழ்த்தெரு ஆடுகளின் காதைப் பிடித்து வில்லையைக் காட்டினேன். “நான் சொன்னது தப்பு. நடுப்பகல்ல வந்து குட்டி காதப் பாத்துட்டுப் பேசிட்டேன். ஊசி போட்டவரு நல்லபடியா போட்ருக்காரு. அவரு என்ன மன்னிக்கணும்” என்றேன். அப்புறம் மேல்தெருவுக்கு நடந்தோம். பொன்னம்மாவின் ஆடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒரு காதிலும் வில்லை இல்லை. இந்த முறை பொன்னம்மாவையும் பேசவிட்டேன்.

வீடியோ முழுக்க நான் ஆட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், போன் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. “இந்த மூஞ்சியயா இத்தன வருஷம் மறைச்சி வெச்சீங்க? நல்லாத்தான் இருக்குது” என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். செல்வி அதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினாள்.

பழைய வீடியோவை எடுக்கவில்லை. அதன் தலையிலேயே ‘இதில் தப்பு இருக்கிறது, திருத்தத்தைப் பாருங்கள்’ என்று போட்டு இந்த வீடியோவைக் கோத்துவிட்டோம். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய், எங்கள் தப்பு என்ன, மேல்தெரு பாக்கி என்ன, போனில் எங்களிடம் என்ன கேட்டார்கள் என்று மூன்றையும் எழுதிக் கொடுத்துச் சீல் வாங்கிக்கொண்டோம். சீல் வைத்தவர் மூன்றாவதைப் படித்துவிட்டு ரெண்டு தடவை என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

மழைக்கு முன்னால் மேல்தெருவுக்கு ஜீப் போனது. புது ஐஸ் பெட்டியோடு அதே ஆள்தான் போனார். பொன்னம்மாவின் ஆடுகள் பிழைத்தன.

வருமானம் மட்டும் திறக்கவில்லை. கால்நடை ஆபீசில் கேட்டால், “நிறுத்தினது கம்பெனி, நாங்க கோரிக்கைதான் வெச்சோம்” என்றார்கள். கம்பெனிக்கு எழுதினால், கோரிக்கை வந்தது என்று அதே பதிலைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். நிறுத்தின கை யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. என் கையையாவது மேஜைமேல் வைத்தேன். அந்தப் பருவம் செல்வி கரும்பு வெட்டுக்குப் போனாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து முதுகைக் காட்டி, “தைலம் தேய்ங்க்கா, வீடியோவுல நடிச்ச கை சும்மாதான கெடக்குது” என்பாள். தேய்த்துவிடுவேன். அடுத்த கோடையில் வழக்கைக் கைவிட்டதாகத் தாள் வந்தது. அதைக் கம்பெனிக்கு அனுப்பின கொஞ்சநாளில், ஒரு விளக்கமும் இல்லாமல் விளம்பரம் ஓடத் தொடங்கியது. முதலில் வந்தது சோப்பு விளம்பரம். செல்வி அதை எழுந்து நின்று பார்த்தாள்.

இப்போது எனக்கு மூட்டு வலி, சந்தைக்குப் போவதில்லை. செல்வி முகத்தைக் காட்டியே போடுகிறாள். ஆட்டைவிட அவள்தான் ஜாஸ்தி தெரிகிறாள்.

உங்களுக்கும் ஒருநாள் அப்படி ஒரு போன் வரலாம். வந்தால் முதலில் உங்கள் வீடியோவை நீங்களே இன்னொரு தரம் பாருங்கள். தப்பு இருந்தால் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். தப்பில்லாததற்கு மன்னிப்புக் கேட்டால் அங்கே யாருடைய ஆடோ சாகும். எழுதித் தராத பேச்சுக்குத் தலை ஆட்டாதீர்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை கீழ்த்தெருவில் வில்லை போட்ட ஆடு இருபத்தாறு என்று எனக்கு ஞாபகம். செல்வி இருபத்தெட்டு என்கிறாள். வீடியோவைப் பார்த்து எண்ணினால் ஆடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதை அச்சுப் போடுவதற்கு முன்னால் உங்களில் யாராவது அந்த ஊருக்குப் போய்ப் பொன்னம்மாவைக் கேட்டு எழுதிவிடுங்கள். போனில் கேட்காதீர்கள், அவளைப் பேசவிடாமல் நீங்களே பேசிவிடுவீர்கள். நேரில் போங்கள். போகிறவர்கள் முதல் நாளே வெள்ளிமலையில் தங்கி, விடியற்காலம் ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன்னால் போய்ச் சேருங்கள்.